லேப்டாப்பில் கேம் பாதியில் நின்றுபோகிறதா? கிராபிக்ஸ் டிரைவரைச் சரியான வரிசையில் புதுப்பிக்கும் முழு வழிகாட்டி

கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. நடுவில் திரை கறுத்துத் திரும்ப வருகிறது. சுவரும் தரையும் மினுக்கென்று வந்து வந்து போகின்றன. இப்படி ஏதாவது வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டிரைவரை அப்டேட் பண்ணு." கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். சொல்வது சரிதான். ஆனால் எந்த டிரைவரை, எங்கிருந்து, எதற்குப் பிறகு என்று யாரும் சொல்வதில்லை. புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

டெஸ்க்டாப்புக்கு எழுதிய குறிப்புகளை லேப்டாப்பில் அப்படியே செய்ய முடியாது. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு, மற்றது பழசாகவே கிடப்பதால்தான் "அப்டேட் பண்ணியும் சரியாகலையே" என்று பலர் வருகிறார்கள். கீழே உள்ள முறை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. கோளாறு டிரைவருடையதுதானா?

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூட்டினால் தடுமாறும் லேப்டாப்பில் நாள் முழுக்க டிரைவர் மாற்றினாலும் பலன் வராது.

டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: திரை ஓரிரு நொடி கறுத்து, பிறகு வருவது, டைரக்ட்எக்ஸ் (கேம்கள் காட்சி வரையப் பயன்படுத்தும் விண்டோஸ் பகுதி) பிழை என்று ஒரு பெட்டி காட்டிவிட்டு கேம் மூடுவது, பரப்புகள் மினுக்குவது, நிறங்கள் கிழிந்து தெரிவது, நேற்று வரை ஓடிய கேம் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஓட மறுப்பது, "உங்கள் டிரைவர் பழையது" என்று கேமே சொல்வது.

உறுதிப்படுத்த ஓர் இடம் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கேம் நின்ற நேரத்தில் "டிஸ்ப்ளே" என்ற பெயரோடு 4101 என்ற எண் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கிராபிக்ஸ் சிப் சுமார் 2 நொடிகளுக்குப் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை வலுக்கட்டாயமாக மீட்டமைக்கும். அந்த மீட்டமைப்பின் பதிவுதான் அது. திரை கறுத்து வருவதும் அதனால்தான்.

இந்த 2 நொடிக் கெடுவை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் நீட்டிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். சிப் ஏன் பதில் தரவில்லை என்பதை அது மறைக்கும், தீர்க்காது.

டிரைவருக்குச் சம்பந்தமில்லாத அறிகுறிகளும் உண்டு. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாக இழுத்தால் அது பெரும்பாலும் சூடு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் தனி கிராபிக்ஸ் சிப்பின் வெப்பநிலை தெரியும். 85 டிகிரியைத் தாண்டி நின்றால் முதலில் காற்றுத் துளைகளையும் விசிறியையும் சுத்தம் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றினால் மட்டும் வேகம் குறைகிறதென்றால் அது கோளாறே இல்லை. பேட்டரியில் ஓடும்போது சிப்புக்குப் போகும் மின்சாரத்தை லேப்டாப்பே குறைத்துவிடும். ஆன்லைன் கேமில் ஆட்கள் தாவித்தாவி வந்தால் அது இணையம். வேலரன்ட் கேமில் வேன் 9001, வேன் 9003 என்று வரும் பிழைகள் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் தொடர்பானவை. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் சரிசெய்ய வேண்டியவை. டிரைவர் அங்கே ஒன்றும் செய்யாது.

2. உங்கள் லேப்டாப்பில் என்னென்ன சிப்கள் இருக்கின்றன?

விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். இந்த ஒரு வரி என்ன காட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாமே.

இரண்டு பெயர்கள் இருந்தால், ஒன்று பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிப்: இன்டெல் யுஎச்டி, இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ, ஏஎம்டி ரேடியான் கிராபிக்ஸ் போன்றவை. மற்றது தனி சிப்: என்விடியா ஜீஃபோர்ஸ் அல்லது எண்ணோடு வரும் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ். முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். எம்எக்ஸ் 350-உம் எம்எக்ஸ் 450-உம் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வேறு வேறு தலைமுறைச் சிப்கள். டிரைவரும் அதற்கேற்ப மாறும்.

இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் வரிசை தானாகப் புரியும். பெரும்பாலான லேப்டாப்புகளில் திரையின் கம்பி பிராசசரில் உள்ள சிப்போடுதான் இணைந்திருக்கும். தனி சிப் காட்சியை வரைந்து, முடித்த படத்தை உள் சிப்பிடம் கொடுக்கிறது. உள் சிப்தான் அதைத் திரைக்கு அனுப்புகிறது. ஆக, ஜீஃபோர்ஸ் டிரைவர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி டிரைவர் பழசாக இருந்தால் கறுப்புத் திரையும் மினுக்கலும் அந்தக் கடைசிக் கட்டத்தில் வரலாம். விலை கூடிய சில மாடல்களில் தனி சிப்பை நேராகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் இருக்கும். அப்போதும் சாதாரண வேலைகளுக்கு உள் சிப் தேவைப்படுவதால் அதன் டிரைவரை விட்டுவிடக் கூடாது.

பட்டியலில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் அந்தச் சிப்புக்கு டிரைவரே இல்லை என்று பொருள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து, பிழைக் குறியீட்டு எண் (Code) என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள்.

தனி சிப் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் பட்டியலில் காணவில்லையா? பதறாதீர்கள். பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காக அதை முழுதாக அணைத்துவிடும் ஈகோ மோடு சில லேப்டாப்புகளில் உண்டு. லேப்டாப்போடு வந்த கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து அந்த மோடை மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் டிரைவரை ஓடவிட்டால் "பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் இல்லை" என்று இன்ஸ்டாலர் பாதியில் நின்றுவிடும்.

3. கேம் எந்தச் சிப்பில் ஓடுகிறது?

டிரைவரைத் தொடும் முன் இதையும் பார்த்துவிடுங்கள். கேம் மெதுவாக ஓடுகிறது என்ற புகார்களில் கணிசமானவை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

கேமைத் திறந்து, ஆல்ட் மற்றும் டேப் அழுத்தி வெளியே வாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசசஸ் பக்கத்தின் மேல் தலைப்பில் வலது கிளிக் செய்து, ஜிபியு எஞ்சின் என்பதை டிக் செய்யுங்கள் (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்). கேமின் வரிக்கு நேராக ஜிபியு 0 என்றோ ஜிபியு 1 என்றோ வரும். எது எந்தச் சிப் என்பது பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் 0 உள் சிப், 1 தனி சிப்; ஆனாலும் பெயரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேம் உள் சிப்பில் ஓடினால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றுங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: கேமைத் திறந்துவிடும் செயலியான லாஞ்சரைச் சேர்த்துவிட்டு, உண்மையில் ஓடும் ஃபைலை விட்டுவிடுவது. மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் நல்ல உதாரணம். லாஞ்சரைச் சேர்த்தால் லாஞ்சருக்குத்தான் தனி சிப் கிடைக்கும். கேம் ஓடுவது ஜாவாடபிள்யூ என்ற ஃபைலில். டாஸ்க் மேனேஜரில் கேமின் வரியை வலது கிளிக் செய்து, ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுத்தால் சேர்க்க வேண்டிய ஃபைல் எதுவென்று தெரிந்துவிடும்.

உள் சிப் மட்டுமே உள்ள லேப்டாப் என்றால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். உள் சிப்புக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தால், அதே அளவு இன்னொரு ரேம் போடுவது எந்த டிரைவரையும்விட அதிகப் பலன் தரும்.

4. இப்போதுள்ள பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு சிப்பையும் இரட்டைக் கிளிக் செய்து டிரைவர் பக்கத்துக்குப் போனால் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதியது சரியில்லை என்றால் எந்தப் பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது.

என்விடியா எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 32.0.15.6094 என்று காட்டும். என்விடியா தளத்திலோ அப்படி ஒரு பதிப்பே இருக்காது. கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுங்கள்: 5, 6, 0, 9, 4. மூன்றாவதற்குப் பின் புள்ளி வையுங்கள். 560.94. அதுதான் என்விடியாவின் எண். இது தெரியாமல், கையில் இருப்பதைவிடப் பழைய டிரைவரை இறக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரி தீர்ந்து பாதியில் நின்ற டிரைவர் இன்ஸ்டால், மறுநாள் தெளிவில்லாத திரையோடுதான் விடியும்.

இணையம். கிராபிக்ஸ் டிரைவர் சின்னதல்ல. ஒன்று 600 முதல் 900 எம்பி வரை வரும், சில இன்னும் பெரியவை. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவர்கள் அன்றைய டேட்டா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் ஐந்தாறு ஜிபி காலி இடமும் வேண்டும். இறக்கிய ஃபைலை இன்ஸ்டாலர் முதலில் விரித்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. தினமும் பின் நம்பர் போட்டே உள்ளே போகிறவர்களுக்கு உண்மையான பாஸ்வேர்டு மறந்திருக்கும். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். இப்போதே ஒருமுறை போனில் அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

பிட்லாக்கர் மீட்புச் சாவி. இதைத்தான் யாருமே எடுத்து வைப்பதில்லை. பல புதிய லேப்டாப்புகளில் பிட்லாக்கர் என்ற டிரைவ் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், வைத்திருப்பவருக்கே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும்போது நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில், டிவைசஸ் பகுதியில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க முடியாது.

கடைசியாக, ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடுங்கள். சி டிரைவுக்கு நேராக ஆஃப் என்று இருந்தால், கான்ஃபிகர் கொடுத்து ஆன் செய்துவிட்டுப் பிறகு உருவாக்குங்கள்.

6. டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

என் பரிந்துரை: உள் சிப்புக்கு லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளம், தனி சிப்புக்கு சிப் நிறுவனத்தின் தளம்.

காரணம் சொல்கிறேன். திரையின் ஒளி அளவு, மூடியை மூடினால் உறங்குவது, சூடு கட்டுப்பாடு போன்ற விஷயங்களுக்காக லேப்டாப் நிறுவனங்கள் உள் சிப்பின் டிரைவரில் சில மாற்றங்கள் செய்திருக்கும். இன்டெல்லின் பொது டிரைவரை மேலே போட்டால் அந்த மாற்றங்கள் போய்விடலாம் என்று இன்டெல்லே எச்சரிக்கிறது. லேப்டாப் டிரைவர்களைத் தயாரிப்பாளரிடமிருந்து எடுப்பது நல்லது என்றுதான் ஏஎம்டியும் சொல்கிறது. தனி சிப்பின் கதை வேறு. புதிய கேம்களுக்கான திருத்தங்கள் முதலில் வருவது சிப் நிறுவனத்தின் தளத்தில். லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்கு அவை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், சில மாடல்களுக்கு வராமலே போகும்.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். மாடல் பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இன்டெல், ஏஎம்டி இரண்டும் விற்பார்கள்.

அந்தத் தளத்தில் உள்ள உள் சிப் டிரைவர் இரண்டு மூன்று வருடம் பழையது, நீங்கள் ஏற்கெனவே அதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்துக்குப் போங்கள்.

என்விடியா தளத்தில் கைமுறையாகத் தேர்ந்தெடுக்கும்போது, வரிசைப் பெயருக்குப் பக்கத்தில் நோட்புக்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு வகை வரும். கேமுக்குப் பிரச்சினை என்றால் கேம் ரெடி. ஏஎம்டி தளத்தில் ரெக்கமண்டட், ஆப்ஷனல் என்று இருக்கும். குறிப்பிட்ட ஒரு கேமுக்கான திருத்தம் ஆப்ஷனலில் மட்டும் இருந்தாலொழிய, ரெக்கமண்டடே போதும்.

"ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று வரும் செயலிகளை இறக்க வேண்டாம். உங்கள் மாடலுக்கு நிறுவனம் செய்த மாற்றம் அவற்றுக்குத் தெரியாது. தேவையில்லாத மென்பொருளையும் சேர்த்தே கொண்டுவருகின்றன.

பழைய சிப் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைகளுக்கும், அதே தலைமுறையைச் சேர்ந்த எம்எக்ஸ் 150, 250, 350 போன்றவற்றுக்கும் கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. 580 வரிசைதான் அவற்றுக்குக் கடைசி. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை என்பதால் அதற்கு இது பொருந்தாது. இன்டெல் 4-ஆம் தலைமுறை பிராசசர்களில் இன்னும் விசித்திரம்: ஒரு பாதுகாப்புக் குறையை அடைப்பதற்காக, பிந்தைய டிரைவர்களில் டைரக்ட்எக்ஸ் 12 வசதியையே இன்டெல் எடுத்துவிட்டது. அந்த லேப்டாப்பில் டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் சில கேம்கள் திறக்கவே மறுக்கும். அங்கே டைரக்ட்எக்ஸ் 11-இல் ஓடும்படி கேமின் அமைப்பை மாற்றுவதே வழி.

7. இன்ஸ்டால் செய்யும் வரிசை

வரிசை இதுதான்: விண்டோஸ் அப்டேட், சிப்செட், உள் சிப், தனி சிப். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட்.

விண்டோஸ் அப்டேட் முதலில் ஏன் என்றால், புதிய டிரைவர்கள் ஒரு குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்புக்கு மேல்தான் ஏறும். அதோடு, நிலுவையில் இருக்கும் அப்டேட் ஒன்று நடுவில் புகுந்து அதன் சொந்த டிரைவரைப் போடத் தொடங்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். எல்லாம் முடிந்து "நீங்கள் புதுப்பித்த நிலையில் இருக்கிறீர்கள்" என்று வரும்வரை காத்திருங்கள்.

அடுத்து, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர். பிராசசரும் தனி சிப்பும் பேசிக்கொள்ளும் பாதை இதன் கையில் இருக்கிறது. குறிப்பாக ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகளில் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு உள் சிப். இன்ஸ்டால் நடக்கும்போது திரை கறுத்துப்போகும், எழுத்துகள் பெரிதாகும், மறுபடி சரியாகும். நடந்துகொண்டிருக்கும்போது பவர் பட்டனை அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அசைவில்லாமல் கறுப்பாகவே இருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மீட்டமைக்கும் விசைகள் அவை. ஒரு பீப் சத்தத்தோடு திரை திரும்ப வரும். பெரும்பாலும் இதுவே போதும்.

"இந்த டிரைவர் இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்பட்டதல்ல, தயாரிப்பாளரிடமிருந்து பெறவும்" என்று இன்டெல் இன்ஸ்டாலர் சொன்னால், அது சொல்வதைக் கேளுங்கள். டிவைஸ் மேனேஜர் வழியாகக் கட்டாயப்படுத்தி ஏற்றுவது வழி அல்ல.

ரீஸ்டார்ட் ஆன பிறகு தனி சிப். என்விடியா இன்ஸ்டாலரில் எக்ஸ்பிரஸ் கொடுக்காமல் கஸ்டம் கொடுங்கள். அடுத்த திரையின் அடியில் கிளீன் இன்ஸ்டாலேஷன் என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். பழைய டிரைவரின் அமைப்புகளைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பழைய டிரைவரில் யாரோ சொன்னார்கள் என்று மாற்றிவைத்த அமைப்பே பல நேரம் கோளாறாக இருக்கும். அதுவும் சேர்ந்து போய்விடும். ஏஎம்டி இன்ஸ்டாலரில் இதற்கு ஃபேக்டரி ரீசெட் என்று பெயர்.

ஒவ்வொரு ரீஸ்டார்ட்டையும் உண்மையாகவே ரீஸ்டார்ட்டாகக் கொடுங்கள். ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்வது இங்கே போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் விண்டோஸின் உட்பகுதியை முழுதாக மூடுவதில்லை. பாதியை உறங்கவைத்து எழுப்புகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

8. அடியோடு நீக்கிவிட்டுப் போடுவது எப்போது?

டிடியு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், பழைய டிரைவரின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் துடைக்கும் கருவி. இலவசம், நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதை ஓட்டச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன முறை தோற்றால், இன்ஸ்டால் பாதியில் நின்றுபோயிருந்தால், அல்லது வேறு யாரோ தவறான டிரைவரை ஏற்றியிருந்தால் மட்டும் போதும்.

இதிலும் வரிசை முக்கியம். இரண்டு சிப்புக்குமான புதிய டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள். அப்புறம் வைஃபையை அணையுங்கள், லேன் கேபிள் இருந்தால் கழற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய டிரைவர் நீங்கிய அடுத்த நிமிடமே விண்டோஸ் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். நீங்கள் செய்த வேலை வீண்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோடு. பிட்லாக்கர் சாவி கேட்டால், எழுதி வைத்த காகிதத்தை எடுங்கள்.

டிடியுவைத் திறந்து, வகையில் ஜிபியு, நிறுவனத்தில் தனி சிப்பின் நிறுவனம் என்று தேர்ந்தெடுத்து, கிளீன் அண்ட் ரீஸ்டார்ட் கொடுங்கள். கோளாறு உள் சிப்பின் டிரைவரில் இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம். லேப்டாப் திரும்ப வந்ததும் திரை மங்கலாக, பெரிய எழுத்துகளோடு இருந்தால் பயப்படாதீர்கள். டிரைவர் இல்லாத நிலை அது. இணையத்தை இன்னும் இணைக்காமல், விண்டோஸ் அப்டேட்டை மட்டும் விட்டுவிட்டு, 7-ஆம் படியில் சொன்ன வரிசையில் டிரைவர்களைப் போடுங்கள். கடைசி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் வைஃபை.

விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவர் வருவதைத் தடுக்கும் ஓர் அமைப்பு டிடியுவிலேயே இருக்கிறது. அதை இயக்கியிருந்தால் வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். மறந்தால், அடுத்த முறை பிரின்டரையோ வேறு கருவியையோ செருகும்போது அதற்கு டிரைவர் வராது.

9. சோதித்துப் பார்ப்பது

டிவைஸ் மேனேஜரில் இரண்டு சிப்களின் பதிப்பையும் போனில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். எண் மாறவில்லை என்றால் இன்ஸ்டால் ஏறவே இல்லை. "முடிந்தது" என்று இன்ஸ்டாலர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேமை முதல்முறை திறந்ததும் முன்பைவிட அதிகமாகத் திக்கும். உடனே "புது டிரைவர் மோசம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காட்சிகளை வரைவதற்கான ஷேடர் கோப்புகளைப் பழைய டிரைவருக்கேற்பத் தயாரித்து வைத்திருந்த சேமிப்பு, டிரைவர் மாறியதும் செல்லாமல் போய்விடும். கேம் அவற்றை மறுபடி தயாரிக்கிறது. சில கேம்கள் தொடக்கத்தில் ஒரு சதவீதக் கோடு காட்டித் தயாரிக்கும், அதை முழுதாக முடியவிடுங்கள். மற்றவை ஆடும்போதே தயாரிக்கும். அரை மணி நேரம் ஆடிவிட்டு, கேமை மூடித் திறந்து, அப்புறம் மதிப்பிடுங்கள்.

முன்பு எந்த இடத்தில் கேம் நின்றதோ, அதே இடத்துக்குப் போய் சோதியுங்கள். கேமுக்குள் உள்ள கிராபிக்ஸ் அமைப்புகளை ஒருமுறை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேமின் மேல் எண்களோ அரட்டையோ காட்டும் ஓவர்லே செயலிகளையும் ரெக்கார்டிங் செயலிகளையும் அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும் என்பதால், ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஆடிப் பாருங்கள்.

10. புதியது ஒத்துவரவில்லை என்றால்

நடக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப்பின் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பழைய பதிப்பு திரும்பிவிடும். அது மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள். டிடியு ஓட்டியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். போனில் உள்ள படத்தைப் பார்த்து, அந்தப் பதிப்பைச் சிப் நிறுவனத்தின் தளத்தில் பழைய டிரைவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

நல்லபடியாக ஓடிய டிரைவர் சில நாள் கழித்துத் தானாக மாறியிருந்தால், அது விண்டோஸ் அப்டேட்டின் வேலை. நீங்கள் இறக்கிய இன்ஸ்டாலரை அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தால் அதையே மறுபடி ஓட்டி ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் வரும் கிராபிக்ஸ் டிரைவர்களை டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் நீங்கள் போட்டதைவிடப் பழையவை.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை. நீங்கள் ஆடப்போகும் கேமின் பெயரோ, உங்களுக்கு வரும் கோளாறோ அந்தப் பதிப்பின் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

11. டிரைவரால் தீராது என்று எப்போது முடிவு செய்வது?

டிடியு ஓட்டி, வரிசைப்படி சுத்தமாகப் போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜரில் பிழைக் குறியீடு (Code) 43 வந்தால், அல்லது கேம் எதுவும் ஓடாதபோதே திரையில் கோடுகளும் சதுரங்களும் தெரிந்தால், சிப்பிலோ போர்டிலோ பழுது இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சோதனை உண்டு: லேப்டாப்பை ஆன் செய்து பயாஸ் திரைக்குப் போங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயும் கோடுகள் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல வழியில்லை. திரை, அதன் கேபிள், சிப் என்று ஹார்டுவேர் பக்கம்தான் தேட வேண்டும்.

வாரன்டி இருந்தால் லேப்டாப்பைத் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். போகும்போது மூன்று படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பிழைக் குறியீட்டு எண் தெரியும் டிவைஸ் மேனேஜர் திரை, ஈவென்ட் வியூவரின் 4101 பதிவு, பயாஸ் திரையில் தெரிந்த கோடுகள். "டிரைவர் போட்டுப் பார்க்கிறோம், இரண்டு நாள் ஆகும்" என்று வாங்கி வைத்துக்கொள்வதற்கு முன், அது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று காட்டிவிடலாம்.